ஏழாம் மாடி டீச்சர்

புதன்கிழமை மாலை மனைவி அந்த விஷயத்தைச் சொன்னதிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி குத்தியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோனது. மூன்று முறை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். நான்காவது முறை டம்ளரை எடுத்தபோது அவளே கேட்டுவிட்டாள்.

"என்னங்க, குழம்புல உப்பு அதிகமாயிடுச்சா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு ஒட்டகம் மாதிரி குடிக்கறீங்க?"

அவள் சொன்னது கெட்ட செய்தியும் இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் கைகொடுத்திருப்பார்கள். ஆறு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், வரும் திங்கட்கிழமை ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு மாத நோட்டீஸ் முடிந்ததும் முழு நேரமும் தையல் மெஷின் முன்னால் உட்காரப் போகிறாளாம்.

கடையில் கண்ணாடி வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒரு நாள் மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு மீன் வடிவத்தில் ஒரு கண்ணாடி உறை தைத்தாள். வாய்தான் ஜிப். வாயைத் திறந்தால் கண்ணாடி உள்ளே போய்விடும். கண்ணுக்குச் சட்டைப் பொத்தான். அதைப் பார்த்து மூன்று பேர் கேட்க, போனில் ஒரு பக்கம் ஆரம்பித்து மீன்களையும், தொட்டிலில் வைக்கும் குட்டித் தலையணைகளையும் படம் பிடித்துப் போட்டாள். பரிசு கொடுக்க வாங்குவார்கள், பகுதி நேர வருமானம் என்று கணக்கு. இப்போது பகுதி போய் முழுதாகப் போகிறது.

"எல்லாம் டீச்சர் குடுத்த தைரியம்," என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாற்பது மீன், அதுவும் மாசாமாசம் வேணுங்கறாங்க. வேலையையும் பாத்துட்டு எப்படித் தைக்கறது? ரெண்டுல ஒண்ணுதான் முடியும்."

"ம்," என்றான் அவன்.

வேறென்ன சொல்வான்? அந்த டீச்சரே அவன்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்த கூத்து அது. பக்கம் ஆரம்பித்த முதல் மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுப்பாள், பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள். ஒரு நாள் தையல் மெஷினுக்கு உறையை மாட்டிவிட்டு, "அக்கா பொண்ணு தையல் கத்துக்கணும்னு சொல்லிட்டிருந்தா. இதைக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்," என்றாள், யாருக்கோ ஆறுதல் சொல்வது போல. அவன் அதற்கும் "ம்" என்றான். ஆனால் மறுநாள் ஒரு ஏழு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு, தன்னுடைய பழைய போனிலிருந்து ஒரு மீன் ஆர்டர் செய்தான். பெயர் கேட்டது. கீழே ஒரு பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. 'டீச்சர்' என்று போட்டான். முகவரி கேட்டது. அந்தக் கட்டிடத்தையே போட்டு, ஏழாம் மாடி, வீட்டு எண் ஏழு சி என்றான். பார்சல் வந்தால் செக்யூரிட்டி மேஜையில்தானே வைப்பார்கள்.

அன்று மாலை அவன் காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது. அவள் முகத்தை அவன் அப்படிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. "ஒரு டீச்சர் ஆர்டர் போட்டிருக்காங்க," என்றாள், கதவைப் பிடித்துக்கொண்டே. அந்த ஒரு முகத்துக்காகத்தான் இரண்டாவது மீன். அப்புறம் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பணம் முழுவதும் மீனாக மாறிக்கொண்டிருந்தது.

மீனோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. டீச்சர் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். வாயில் வராத வார்த்தையெல்லாம் விரலில் வந்தது அவனுக்கு. "உன் ஜிப் வழுக்கிக்கொண்டு போகிறது அம்மா, ஜெர்க் இல்லை. இது எல்லோருக்கும் கைவராது," என்று ஒரு முறை எழுதினான். அதை அவள் அவனிடமே வாசித்துக் காட்டினாள். "பாருங்க, ஜெர்க் இல்லையாம். படிச்சவங்க சொல்ற அழகே தனி."

ஒரு நாள் அவள் டீச்சருக்கு எழுதினாள்: "என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர் டீச்சர். ஆனா நான் என்ன தச்சுக் காட்டினாலும் 'ம்'னு மட்டும் சொல்வார். செவத்துக்கிட்ட காட்டினா அதுகூட எதிரொலி குடுக்கும்." மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்தவனுக்கு முகம் சூடாகிவிட்டது. "சிலருக்கு வாயில் வராது, மனதில் இருக்கும்," என்று டீச்சர் அவனுக்காக வக்காலத்து வாங்கினார். உடனே பதில் வந்தது: "மனசுல இருக்கறதை எக்ஸ்ரே எடுத்தா பாக்க முடியும் டீச்சர்?"

போன வாரம் யாரோ ஒருத்தி, தலையணையின் நிறம் படத்தில் பார்த்தது போல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்காமல் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, "பள்ளி ஆண்டு விழாவுக்கு நாற்பது மீன் வேண்டும். இனி மாதாமாதம் தேவைப்படும்," என்று தட்டிவிட்டான். அந்த 'மாதாமாதம்' ஒரு வார்த்தை அதிகம். அதுதான் இப்போது ராஜினாமா கடிதமாக வந்து நிற்கிறது.

வியாழக்கிழமை, அந்த ஏழு மாடிக் கட்டிடத்தின் மோட்டார் அறையில், அவனுக்கு வேலையில் கை ஓடவில்லை. பிரேக் ஷூவைக் கழற்றி, துடைக்க மறந்து, மறுபடி அதே அழுக்கோடு மாட்டப் போனான். கூட வேலை செய்யும் ஸ்பேனர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். மெலிந்து நீண்டு தலை மட்டும் அகலமாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள்.

"அண்ணே, கீழே ஆள் ஏறி இறங்கற லிஃப்ட் இது. உங்க குடும்பச் சண்டையை இதுல காட்டாதீங்க."

"சண்டையே இன்னும் ஆரம்பிக்கலைடா."

"அதான் பயமா இருக்கு." ஸ்பேனர் சுவரைப் பார்த்தான். கன்ட்ரோல் பேனலிலிருந்து ஜன்னல் வரை இழுத்துக் கட்டிய கம்பியில் வரிசையாக மீன்கள் தொங்கின. மோட்டார் ஓடும்போதெல்லாம் அத்தனையும் மெல்ல வாலாட்டின. "உள்ளே வந்தாலே மீன் மார்க்கெட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. அண்ணிகிட்ட நேரா சொல்லிடுங்க. நாக்கு என்ன அறுந்தா விழுந்துடும்?"

"உனக்குக் கல்யாணம் ஆகலை. பேசாம இரு."

"ஆகாததாலதான் இவ்வளவு தைரியமா பேசறேன்."

நேரில் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருப்பதாக அவனுக்குப் பட்டது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பழைய போனை எடுத்தான். "அம்மா, எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. நாற்பது மீன் வேண்டாம். நீ வேலையை விட்டுவிடாதே. நிலையான சம்பளம் முக்கியம்," என்று எழுதி அனுப்பினான். அனுப்பியதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மத்தியானம் வரை விசிலடித்துக்கொண்டு வேலை பார்த்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மெஷின் சும்மா இருந்தது. மேஜை மேல் நாற்பது மீனுக்காக வாங்கிய ஜிப் கட்டுகள் பிரிக்காமல் கிடந்தன. அவள் போனை நீட்டினாள். படித்து முடிப்பதற்காக அவன் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

"போனா போகட்டும்," என்றான். "மாற்றல்னா அவங்கதான் என்ன பண்ணுவாங்க?"

"மாற்றலை விடுங்க. ரெண்டாவது வரியைப் பாருங்க. 'வேலையை விட்டுவிடாதே'ன்னு இருக்கு. நான் வேலையை விடப்போறதை டீச்சர்கிட்ட சொல்லவே இல்லையே."

அவன் அந்த வரியை மறுபடி படித்தான். இதை எப்படி யோசிக்காமல் விட்டான்?

"உங்ககிட்ட சொன்னேன், அக்காகிட்ட சொன்னேன். வேற ஒருத்தருக்கும் தெரியாது," என்று விரலை மடக்கினாள். "நீங்க அடுத்தவங்ககிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்பல பேசறவரா? அக்காதான். எப்படியோ டீச்சரைத் தேடிப் பிடிச்சு ஏதோ ஓதியிருக்கா. நான் ஒரு படி ஏறினா அவளுக்கு ஆகாது. மெஷின் கைக்கு வருமா வருமான்னு காத்துட்டிருந்தவதானே."

"சே, அக்கா அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க."

"அப்ப டீச்சருக்கு ஜோசியம் தெரியுமா?"

இதுதான் சரியான நேரம், சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஒன்று பிடித்துத் தள்ளியது. வாயைத் திறந்தான். திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். அதற்குள் அவள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அடுத்த பத்து நிமிஷம் கேட்கும்படியாக இல்லை. சின்ன வயதில் ரிப்பன் திருடியதில் ஆரம்பித்து, போன வருஷம் துணிக்கடையில் ஜாடையாகப் பேசியது வரைக்கும் இழுத்துப் போட்டு அலசி, "இனிமே என் வீட்டு வாசலை மிதிக்காதே," என்று முடித்தாள். பிறகு சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் இரண்டாம் மாடியில் கதவு சென்சாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா அவனை அழைத்தாள். குரல் அழுது அழுது தடித்துப்போயிருந்தது.

"தம்பி, நான் எந்த டீச்சரையும் பாத்ததில்லை தம்பி. படிக்கறப்பவே டீச்சர்னா ஓடி ஒளியறவ நான். நீங்களாவது அவகிட்ட எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா."

"சொல்றேங்க்கா," என்றான். லிஃப்ட் கதவு அவன் தோளில் இடித்து, விலகி, மறுபடி வந்து இடித்தது. அவனுக்கு உறைக்கவில்லை.

அன்று காலையில் டிபன் தட்டுக்கு முன்னால் ஒரு தரம் முயன்று பார்த்திருந்தான். "ஒரு விஷயம்," என்று ஆரம்பித்தான். "மத்தியானத்துக்கு என்ன வேணும்னா, இருக்கறதுதான்," என்றாள் அவள். முடிந்தது. வெள்ளிக்கிழமை மாலை மறுபடி முயன்றபோது, அவள் மெஷினில் குனிந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். நீலப் பட்டுத் துண்டு. அந்தத் துண்டை அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வாங்கியது. எதைத் தைத்தாலும் இதற்குத் தகுதியில்லை என்று எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாகப் பன்னிரண்டு வருஷம் அலமாரியில் இருந்தது.

"யாருக்கு?" என்றான்.

"டீச்சருக்கு. மாற்றலாகிப் போறதுக்குள்ள நேர்ல பாத்துக் குடுத்துட்டு வந்துடறேன். நாளைக்கு மத்தியானம் லீவு போட்டிருக்கேன். அட்ரஸ்தான் இருக்கே." தலையைத் தூக்காமல் சொன்னாள். "அக்கா என்ன சொன்னாளோ, அதையும் நேர்லயே கேட்டுடுவேன். அவங்க மட்டும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நாற்பது இல்லாட்டி போகுது, திங்கட்கிழமை லெட்டரைக் குடுத்துடுவேன். எனக்கு ஆர்டர்கூட முக்கியமில்லைங்க. நல்லாருக்குன்னு முதல்ல சொன்னவங்க அவங்கதான்."

அவன் மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் நின்றான். "நானும் வர்றேன். அந்த பில்டிங் லிஃப்ட் நம்ம சர்வீஸ்தான்," என்பது மட்டும் வெளியே வந்தது.

சனிக்கிழமை புறப்படும் முன் ஸ்பேனருக்கு ஒரு செய்தி அனுப்பினான்: "லிஃப்ட்டை ஆஃப் பண்ணு." ஏழு மாடி ஏற வேண்டும் என்றால் மலைத்துத் திரும்பிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. கட்டிடத்துக்குள் நுழைந்ததும் 'சர்வீஸ் நடக்கிறது' என்ற பலகை லிஃப்ட் முன்னால் நின்றது. செக்யூரிட்டி அவனைப் பார்த்து எழுந்தார்.

"என்ன சார், இந்த வாரம் உங்க பார்சல் எதுவும் வரலியே."

"என்ன பார்சல்?" என்றாள் மனைவி.

"ஸ்பேர் பார்ட்ஸ்," என்றான்.

"ஸ்பேர் பார்ட்ஸெல்லாம் இப்ப மெத்துமெத்துன்னுதான் வருது," என்றார் செக்யூரிட்டி, காலம் மாறிவிட்டதை ஒப்புக்கொள்கிறவர் போல.

அவன் அவசரமாகப் பலகையைக் காட்டினான். "ஏழு மாடி. இன்னொரு நாள் வரலாமா?"

"ஏழுதானே," என்று அவள் புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள்.

இரண்டாம் மாடியில் கைநிறையப் பைகளோடு ஓர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். "ஏம்ப்பா, காலையில நல்லாத்தானே ஓடிச்சு. நீ வர்றப்ப மட்டும் கெட்டுப்போகுதே, அது எப்படி?" என்றார். அவன் அவருடைய பைகளை வாங்கி அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தான். மூன்றாம் மாடியில் அவள், டீச்சரைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ளலாமா, தப்பாக நினைப்பார்களா? நான்காம் மாடியில் அவன் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதாகச் சொல்லிக் குனிந்தான். அவிழ்கிற வாரே இல்லாத செருப்பு அது. ஐந்தாம் மாடியில், "கொஞ்சம் நில்லு," என்றான்.

"முடியலையா? தினம் லிஃப்ட்லயே ஏறி ஏறி இப்படி ஆயிட்டீங்க."

ஆறாம் மாடித் திருப்பத்தில் அவள் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப பரவால்லையா? பாக்கற மாதிரி இருக்கேனா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஏழுல சி கிடையாது," என்றான்.

"என்ன?"

"ஒவ்வொரு மாடிக்கும் ரெண்டு வீடுதான். ஏ, பி. சி இல்லை."

"அப்ப டீச்சர் எங்க இருக்காங்க?"

"இங்கதான்." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் அது. எல்லா மீனும் நான்தான் வாங்கினேன். அக்கா மேல தப்பில்லை."

அவள் சிரிக்கத்தான் போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மீதிப் படிகளை ஏறினாள். ஏழாம் மாடியில் இரண்டு கதவுகளின் எண்ணையும் வாசித்தாள். மறுபடி முதல் கதவுக்கே வந்து வாசித்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய், இரும்பு ஏணிப்படியில் ஏறி மோட்டார் அறையைத் திறந்தான். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஸ்பேனர், அண்ணியைக் கண்டதும் தடாலென்று எழுந்தான். "டீ வாங்கிட்டு வர்றேன்," என்று, யாரும் கேட்காமலேயே, படியில் இறங்கிப் போய்விட்டான்.

அறையில் எண்ணெய் வாசனையும் சூடும் இருந்தன. ஐம்பத்தேழு மீன்கள் அசையாமல் தொங்கின. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். இது முதல் மீன், ஜிப் கோணல். இது மழை பெய்த வாரம் தைத்தது, பச்சை நூல் தீர்ந்துபோய் மஞ்சளில் முடித்தது. ஒன்றிரண்டில் கிரீஸ் பட்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"மத்த பேர்ல வந்ததும் நீங்கதானா? வெளியில யாரும் வாங்கவே இல்லையா?"

"வாங்கினாங்க. பத்தொன்பது பேர். அதெல்லாம் நிஜம். தலையணை வாங்கினவங்க எல்லாம் நிஜம்."

"நாற்பது?"

அதுவும் தான்தான் என்று தலையை ஆட்டினான்.

"அன்னிக்கு முதலாளி கஸ்டமர் முன்னாடி திட்டினாருன்னு எழுதினேனே. 'உன் கை ஒரு நாள் சும்மா இருந்தால் அன்றைக்கு உலகத்தில் ஒரு அழகு குறைந்துவிடும்'னு டீச்சர் பதில் போட்டாங்க. எங்கேயிருந்து எடுத்தீங்க அதை?"

"எங்கேயிருந்தும் எடுக்கலை. நானேதான்."

"நீங்களேதான்," என்றாள். "அன்னிக்கு நான் அதை உங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். எதிர்ல உட்கார்ந்து ம்னு சொன்னீங்க. அந்த வார்த்தைக்காக நான் ஒரு வாரம் சந்தோஷமா இருந்தேன். யாரோ ஒரு டீச்சருக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன். அதை எனக்கு நேரா சொன்னா என்னங்க ஆயிடும்?"

"வரலை," என்றான். "நேர்ல பாத்தா எனக்கு வரலை. நீ மெஷினை மூடினப்ப என்ன பண்றதுன்னு தெரியலை. ஒரு மீன் வாங்கினேன். அப்புறம் நிறுத்தத் தெரியலை."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் அழுகையை எதிர்பார்த்தான், திட்டை எதிர்பார்த்தான். அவள் அவன் சட்டைப் பையில் இருந்த போனைக் காட்டினாள்.

"முதல்ல அக்காவுக்குப் போன் போடுங்க. நீங்க பேசுங்க. எனக்குக் கேக்கற மாதிரி."

போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். டீச்சர் யார் என்பதைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தம்பி," என்றாள் அக்கா, "என் பொண்ணு கணக்குல ரொம்ப வீக்கா இருக்கா. சனி ஞாயிறு ட்யூஷன் எடுப்பீங்களா டீச்சர்?"

மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது சிரிப்பிலா அழுகையிலா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்புறம் போனை வாங்கி, "அக்கா, நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காதே. ரிப்பனைத் தவிர. அது நீதான் எடுத்தே," என்றாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தகராறு நடந்து ஓய்ந்தது.

போனை வைத்ததும் அவன் கேட்காமல் இருக்க முடியாத கேள்வியைக் கேட்டான்.

"திங்கட்கிழமை லெட்டர்?"

அவள் கைப்பையில் டீச்சருக்காகத் தைத்த நீலப் பட்டு மீனை ஒதுக்கிவிட்டு, நான்காக மடித்த காகிதத்தை எடுத்தாள். அழகான கையெழுத்தில் எழுதி, கையொப்பம் போட்டு, தேதி மட்டும் விட்டிருந்தாள். அதை ஒரு முறை முழுக்க வாசித்தாள். பக்கத்தில் தொங்கிய மீனின் வாயைத் திறந்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"குடுக்கலை. பத்தொன்பது பேரை நம்பி வேலையை விட நான் என்ன பைத்தியமா?" அவன் நிம்மதிப் பெருமூச்சு விடப் போவதைக் கண்டு முறைத்தாள். "சந்தோஷப்படாதீங்க. எனக்கு ரெண்டு நாளா அந்தக் கடையில நான் இல்லாத மாதிரியே இருந்துச்சு. காலையில எந்திரிச்சு மெஷின் முன்னாடி உட்காரலாம்னு நினைச்சு நினைச்சே தூங்கினேன். திங்கட்கிழமை மறுபடி பில் போடணும். அது உங்களாலதான்."

"என்னாலதான்," என்றான். இந்த முறை சொல்வதற்கு அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"தச்சது என் கை. நல்லாருக்கா இல்லையான்னு வெளியில இருக்கறவங்கதான் சொல்லணும். இதையெல்லாம் இறக்குங்க. ஒண்ணு விடாம வித்துக் குடுங்க. போன்ல இல்லை. நேர்ல, வாயைத் திறந்து."

"நானா?"

"டீச்சரை அனுப்புங்களேன், முடிஞ்சா."

அவன் ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுவரும் சாக்கைத் தட்டி உதறினான். இருவரும் கம்பியிலிருந்து மீன்களைக் கழற்றினார்கள். கிரீஸ் பட்டதை அவள் தனியாக ஒதுக்கினாள். அவன் சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஏழாம் மாடியில் லிஃப்ட் வந்து நின்றது. சாக்கோடு உள்ளே ஏறினார்கள். அவள் அவனைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. அலுவலகத்துக்குப் போகிற மாதிரி உடுத்திய ஓர் இளம்பெண், கண்ணாடியைத் தலை மேல் ஏற்றிவிட்டபடி உள்ளே வந்தாள். சாக்கின் வாயில் எட்டிப் பார்த்த பொத்தான் கண்களைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது?" என்றாள்.

மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைக் கனைத்தான்.

"கண்ணாடி உறை. இவங்க... என் மனைவி தச்சது." ஒன்றை எடுத்து நீட்டினான். "செதிலைப் பாருங்க. அச்சு இல்லை, ஒவ்வொண்ணும் தனித்தனியா வெட்டித் தச்சது. ஒரு மீனுக்கு முப்பத்தாறு. அவசரமா தச்ச மாதிரி ஒண்ணுகூட இருக்காது. கடைசி செதிலும் முதல் செதில் மாதிரியே இருக்கும். இவங்க எதையும் பாதியில அலுத்துப்போய் தைக்க மாட்டாங்க. நான் ஒவ்வொரு மீனா எண்ணிப் பாத்திருக்கேன்."

அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி அவனுக்கே மூச்சு வாங்கியது. மனைவி கதவிலிருந்து பார்வையை எடுத்து அவனைப் பார்த்தாள்.

அந்தப் பெண் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜிப்பைத் திறந்து மூடினாள். "அழகாத்தான் இருக்கு. இப்பதான் ஒரு பெட்டி வாங்கினேன்," என்று திருப்பிக் கொடுத்தாள். தரைத்தளம் வந்ததும் வேகமாக இறங்கிப் போய்விட்டாள்.

அவன் கையில் மீனோடு நின்றான். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவு மூடப்போனது. அவள் காலை வைத்துத் தடுத்தாள்.

"முப்பத்தாறு இல்லை," என்றாள். "முப்பத்தெட்டு. வாலுக்கு அடியில ரெண்டு மறைஞ்சிருக்கும்."

அவன் லிஃப்ட் வாசலிலேயே நின்று, வாலை விரலால் விலக்கி, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.